‘எந்த ஊரு?’ன்னு கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு விசிட்டிங் கார்டு எதுக்கு?

இந்த மாசத்துல இன்னும் ஒருத்தர் என்கிட்ட வந்து “உன் நெட்வொர்க்தான் உன் நெட் வொர்த்”னு சொன்னாங்கன்னா, நான் பொறுப்பில்ல. சொல்லிட்டேன்.

யுனிவர்சிட்டியில கேரியர் டாக் வைக்கிறாங்க. மேடையில ஏறுறவரு கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு இதைத்தான் சொல்றாரு. அடுத்த டாக். வேற ஆளு. அதே வசனம். அதைக் கேக்குறப்ப எல்லாம் எனக்கு எங்கப்பா போன்தான் ஞாபகம் வரும். அதுல இருக்கிற நம்பர் என்னென்ன தெரியுமா? செம்பனை மில்லு, லோரி டயர் கடை, மண்டோர், கோயில் தலைவர், சாஆவுல ஒரு மெக்கானிக். அவ்ளோதான். நெட் வொர்த்து எவ்ளோன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

(எனக்கு ஊரு பெக்கோக். ‘அது எங்க இருக்கு?’ன்னு கேக்கப் போறீங்க, தெரியும். ஜொகூர்ல, சிகாமட் மாவட்டத்துல, லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவுல. கெமாஸ்ல இருந்து ஜொகூர் பாருவுக்கு 1909-லயே போட்ட ரயில் பாதையில எங்க ஸ்டேஷனும் ஒண்ணு. சுங்கை பந்தாங் அருவிக்குக் குளிக்க வந்திருந்தா எங்க ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. எண்டாவ் ரொம்பின் காட்டுக்கு செலாய் பக்கமா போறவங்களும் இங்கதான் வந்து பசியாறிட்டுப் போவாங்க. சரி, விளம்பரம் போதும்.)

இவ்ளோ கடுப்பு இருந்தும் போன மாசம் ஜொகூர் பாருவுல நடந்த ஒரு நெட்வொர்க்கிங் ஈவண்ட்டுக்குப் போனேன். எஞ்சினியர்கள், கான்ட்ராக்டர்கள், கன்சல்டன்ட் கம்பெனிக்காரங்க எல்லாம் வர்ற ஈவண்ட். ஸ்டூடண்ட்டுக்கு டிக்கெட் விலையில சலுகை. நான் சிவில் எஞ்சினியரிங். அடுத்த செமஸ்டர் இண்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங் போகணும், இடம் இன்னும் கிடைக்கல. போகாம என்ன பண்றது?

அம்மாவுக்குத்தான் புரிய வைக்க முடியல.

“ஹோட்டல்லயா? ராத்திரியா? என்ன ஃபங்ஷன்?”

“பேசுறதுக்கும்மா.”

“யாரு கூட?”

“யாருன்னு தெரியாதும்மா. அங்க போய்த்தான் தெரியும்.”

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... யாருன்னே தெரியாத ஆளுங்க கூடப் பேசுறதுக்குக் காசு கட்டிப் போற புள்ளைய நம்ம வீட்டுல இதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்ல. அப்பாதான், “போய்ட்டு வரட்டும், படிக்கிற புள்ள”ன்னு சொல்லி குளுவாங் வரைக்கும் கொண்டு விட்டாரு. அங்கேர்ந்து பஸ்ஸுல லார்க்கின். ராத்திரி தங்குறதுக்கு மாசாயில சித்தி வீடு.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். ஈவண்ட் நடத்துறவங்க ‘ஸ்டூடண்ட்ஸ் வெல்கம்’னு போஸ்டர்ல போட்டுடுறாங்க. ராத்திரி பத்து மணிக்கு முடிச்சா எங்களை மாதிரி ஊர்க்காரப் புள்ளைங்க எப்படித் திரும்பிப் போவாங்கன்னு ஒருத்தரும் யோசிக்கிறதில்ல. எனக்கு சித்தி இருந்தாங்க. இல்லாதவங்க? சனிக்கிழமை காலையில வச்சா என்ன குறைஞ்சு போயிடும்?

சரி, உள்ள போவோம்.

உள்ள போனதும் நெஞ்சுல குத்திக்க ஒரு பேர் அட்டை குடுத்தாங்க. என்னோடதுல பேரு, கீழ ‘ஸ்டூடண்ட்’. மத்தவங்களோடதுல பேருக்கு முன்னாடியே ஒரு ரயில் வண்டி ஓடுது. டத்தோ. டாக்டர். ஐ.ஆர். டி.எஸ். இந்த ஐ.ஆர். பத்தி தெரியாதவங்களுக்கு: நம்ம நாட்டுல டிகிரி முடிச்ச உடனே பேருக்கு முன்னாடி அதைப் போட்டுக்க முடியாது. முதல்ல எஞ்சினியர்கள் வாரியத்துல பட்டதாரி எஞ்சினியரா பதியணும். அப்புறம் குறைஞ்சது மூணு வருஷ வேலை அனுபவம், அதுக்கு மேல மதிப்பீட்டுத் தேர்வு, நேர்காணல். அதெல்லாம் தாண்டினவங்கதான் ஐ.ஆர். அதனால அந்த ரெண்டு எழுத்தைப் பார்த்தா எனக்கு நிஜமாவே ஒரு மரியாதை உண்டு.

அட்டையைப் பார்த்துட்டுத்தான் முகத்தையே பார்க்கிறாங்க. ‘ஸ்டூடண்ட்’னு படிச்சதும் சில பேரோட கண்ணு என் தோளுக்கு மேல போய், பின்னாடி வேற யாராச்சும் வர்றாங்களான்னு தேடுது. தப்புன்னு சொல்லல, அவங்களும் வியாபாரத்துக்குத்தான் வந்திருக்காங்க. ஆனா இதை எந்த மேடைக்காரரும் முன்னாடியே சொல்றதில்ல பாருங்க, அதான் எரிச்சல்.

கேரியர் டாக்ல ‘எலிவேட்டர் பிட்ச்’னு ஒண்ணு சொல்லிக் குடுத்திருந்தாங்க. லிஃப்ட்ல மேல போற நேரத்துக்குள்ள உன்னைப் பத்தி முழுசா சொல்லி முடிக்கணுமாம். (எங்க ஊர்க் கடைவீடுங்க எல்லாம் ரெண்டு மாடி. படிதான். அந்தப் பேச்சு எங்களுக்கு வராததுக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கும்.) கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டுத்தான் போயிருந்தேன். பேரு, படிப்பு, சி.ஜி.பி.ஏ., ஆட்டோகேட் தெரியும், டீம் பிளேயர். முதல்ல மாட்டினவர்கிட்ட ஒப்பிச்சேன். பொறுமையா கேட்டாரு. “குட், குட்”னாரு. அப்புறம் ரெண்டு பேருமே ஆளுக்கொரு கரிபாப்பைப் பார்த்துக்கிட்டு நின்னோம்.

அடுத்து வந்த தம்பி ரொம்ப அன்பா பேசினாரு. என்ன படிக்கிற, எந்த வருஷம், எதிர்காலத் திட்டம் என்ன... அட, இவருதான் நல்ல மனுஷன்னு நினைக்கிறப்ப, “சைட் இன்கம்ல இன்ட்ரஸ்ட் இருக்கா?”ன்னு கேட்டாரு. விட்டமின் பவுடர். மூணு பேரைச் சேர்த்துவிட்டா போதுமாம்.

இதைச் சிரிச்சுட்டு விட்டுடலாம். ஆனா எல்லாமே சிரிச்சுட்டு விடுற விஷயமில்ல. 2022-ல பேப்பர் படிச்சவங்களுக்குத் தெரியும், நல்ல சம்பளத்துல வெளிநாட்டு வேலைன்னு நம்பிப் போன எத்தனையோ மலேசியப் பிள்ளைங்க கம்போடியாவுலயும் மியன்மாரிலயும் மோசடிக் கும்பல்கிட்ட மாட்டிக்கிட்டாங்க. அன்பா பேசினவங்க எல்லாருமே ஆபத்தானவங்க இல்லதான். இருந்தாலும் கம்பெனி பேரை வாங்கி எஸ்.எஸ்.எம்.ல (கம்பெனிகளைப் பதியுற ஆணையம்) பதிவு இருக்கான்னு பார்க்குறதுக்குக் கொஞ்ச நேரம் போதும். முன்பணம் கேட்டா ஓடிடுங்க.

இப்ப நல்ல விஷயத்துக்கு வர்றேன்.

தண்ணி எடுக்கப் போன இடத்துல ஒரு சீனப் பெண் தனியா நின்னாங்க. நாப்பது வயசு இருக்கும். அட்டையில ஐ.ஆர். நான் ஒப்பிக்கிறதுக்கு வாயைத் திறக்குறதுக்குள்ள அவங்களே மலாயில கேட்டுட்டாங்க: “ஒராங் மானா?”

எந்த ஊரு!

“பெக்கோக்”னேன். வழக்கமா இந்த இடத்துல ‘ஓ’ன்னு ஒரு சத்தம் மட்டும் வரும். இவங்க முகம் மாறிடுச்சு. “பெக்கோக்கா? டேம் பெக்கோக்?”

ஜொகூர்க்காரங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ப் பேரு நியூஸ்ல வர்றதே அந்த டேம்ல தண்ணி அபாய அளவைத் தாண்டுறப்பதான். டேம் இருக்கிறதென்னவோ யோங் பெங் பக்கம். ஆத்துப் பேரு பெக்கோக்ங்கிறதால டேமுக்கும் அதே பேரு. 2023 மார்ச்ல யோங் பெங், பத்து பகாட் எல்லாம் தண்ணியில கிடந்தப்ப சொந்தக்காரங்க எல்லாம் எங்க வீட்டுக்குப் போன் போட்டு “உங்க டேம் எப்படி இருக்கு?”ன்னு கேட்டாங்க. என்னமோ நாங்கதான் அதைத் தொறந்து மூடுற மாதிரி.

அவங்க வேலை செய்யறது வடிகால் டிசைன்ல. அப்புறம் என்ன, நான் என் சி.ஜி.பி.ஏ.வையே மறந்துட்டேன். சின்ன வயசுல இருந்து எனக்கு இருக்கிற ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். தோட்டத்துக்குள்ள போற மண் ரோட்டுல, ஓடையைத் தாண்டுற இடத்துல, சிமெண்டுக் குழாய் போட்டிருப்பாங்க இல்ல? மழை பெருசா பெஞ்சா தண்ணி அந்தக் குழாய் வழியா போகாம ரோட்டு மேல ஏறிப் போகுது. குழாய் சின்னதா, இல்ல வேற காரணமா?

அவங்க டிஷ்யூ பேப்பரை எடுத்தாங்க. பேனாவை எடுத்தாங்க. ரெண்டு வட்டம் போட்டாங்க, அதான் குழாய். பக்கத்துல ஒரு பெட்டி போட்டாங்க, அது பாக்ஸ் கல்வெர்ட். குழாய் வாய்க்கு முன்னாடி குறுக்கும் நெடுக்குமா கோடு கிறுக்கினாங்க. “இது என்ன சொல்லு?”

எனக்கு டக்குனு தெரிஞ்சுடுச்சு. செம்பனை மட்டை! வெட்டிப் போட்ட மட்டை, காஞ்ச ஓலை, சருகு, எல்லாம் தண்ணியோட வந்து வாயில அடைச்சுக்கும். அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் பாராங் கத்தியோட இறங்கி இழுத்துப் போட்டதை எத்தனை தடவை பார்த்திருக்கேன்!

“அதான். ரெண்டு சின்னக் குழாய் போட்டா கணக்குல சரியா வரும். காகிதத்துல தண்ணி மட்டும்தான் ஓடும். நேர்ல மட்டையும் சேர்ந்து ஓடும். நடுவுல தடுப்பு இல்லாத ஒரு பெரிய வாய் வச்சா மட்டை கொஞ்சமாவது போயிடும். இல்லேன்னா கொஞ்சம் மேல தடுப்பு வச்சு, அதை அடிக்கடி சுத்தம் பண்ண ஆள் போடணும். அந்த ஆளைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க”ன்னாங்க.

நான் ஹைட்ராலிக்ஸ் பாடத்துல நல்ல மார்க் வாங்கினவதான். பரீட்சையில ஒரு கேள்வியில கூட மட்டை வந்ததில்ல.

கிளம்புறப்ப அவங்களே கார்டு குடுத்தாங்க. (சீனவங்க ரெண்டு கையால குடுத்தா நாமளும் ரெண்டு கையால வாங்கி, ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ள வைக்கணும். வாங்கின வேகத்துல பைக்குள்ள சொருகக் கூடாது. அதே மாதிரி மலாய்க்காரப் பெண்களா இருந்தா ஆம்பளைங்க முதல்ல கை நீட்ட வேண்டாம். அவங்க நீட்டினா குலுக்குங்க, இல்லேன்னா நெஞ்சுல கை வச்சு லேசா தலை சாய்ச்சா போதும். இதையெல்லாம் சொல்லித் தராம எலிவேட்டர் பிட்ச் சொல்லித் தர்றாங்க.)

வீட்டுக்கு வந்ததும் இந்த நெட்வொர்க் எல்லாம் நிஜமா எப்படி வேலை செய்யுதுன்னு தேடிப் படிச்சேன். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல் அறிஞர். 1973-ல ஒரு கட்டுரை எழுதினாரு. பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்ங்கிற ஊர்ல, புதுசா வேலை மாறினவங்களைப் பிடிச்சு விசாரிச்சிருக்காரு. தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, “அந்த ஆளை எவ்ளோ அடிக்கடி பார்ப்பீங்க?”ன்னு கேட்டா, அடிக்கடின்னு சொன்னவங்க 16.7 விழுக்காடுதான். எப்பவாச்சும்னு சொன்னவங்க 55.6. ரொம்ப அபூர்வமான்னு சொன்னவங்க 27.8. நெருங்கின நண்பர்களை விட லேசாப் பழக்கமுள்ளவங்கதான் அதிகமா உதவியிருக்காங்க.

காரணம் சிம்பிள். நம்ம கூடவே இருக்கிறவங்களுக்கு நமக்குத் தெரிஞ்சதுதான் தெரியும். எங்க லயத்துல யாரைக் கேட்டாலும் அதே மில்லுல ஆள் எடுக்குறாங்களான்னுதான் சொல்வாங்க. வேற உலகத்துச் சேதி வேற உலகத்துல இருக்கிறவங்ககிட்டதான் இருக்கும்.

2022-ல லிங்க்ட்இன்காரங்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து இதையே 2 கோடி பேரை வச்சு, அஞ்சு வருஷத் தரவுல சோதிச்சு ‘சயன்ஸ்’ இதழ்ல வெளியிட்டாங்க. லேசான பழக்கம்தான் வேலைக்கு உதவுதுன்னு அதுலயும் வந்துச்சு. ஆனா ரொம்ப ரொம்ப லேசான பழக்கம் அவ்ளோ உதவலயாம். நடுத்தரமா இருக்கணும். அதாவது, கார்டு மாத்திக்கிட்டதோட சரின்னா பிரயோஜனமில்ல. உன் முகமும் நீ கேட்ட கேள்வியும் அவங்களுக்கு ஞாபகம் இருக்கணும்.

அமெரிக்கா வரைக்கும் போவானேன்? இந்த நாட்டுக்கு நாம வந்ததே தெரிஞ்சவங்க மூலமாத்தானே?

கங்காணி. தோட்டத்துல வேலை செய்யற ஒருத்தரையே லைசென்ஸ் குடுத்து ஊருக்கு அனுப்புவாங்க. அவரு தன்னோட கிராமத்துக்கும் சுத்துப்பட்டுக்கும் போய், மாமன் மச்சான், பங்காளி, பக்கத்துத் தெருன்னு ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்துலயோ மெட்ராஸ்லயோ கப்பல் ஏத்திக் கூட்டிட்டு வருவாரு. அவருக்கு அதுக்குக் காசு உண்டு. கூட்டிட்டு வந்த ஆளுங்க வேலைக்கு இறங்குற நாளைக் கணக்குப் பண்ணி தலைக்கு இவ்ளோன்னு. இப்ப பெரிய கம்பெனிங்கள்ல தெரிஞ்சவங்களைச் சேர்த்துவிட்டா ‘ரெஃபரல் போனஸ்’ தர்றாங்களே, அதுவும் இதே வேலைதான். பேருதான் புதுசு.

அதுக்கு இன்னொரு முகமும் உண்டு. கூட்டிட்டு வந்தவரே தோட்டத்துலயும் மேல நின்னாரு. கடன் அவருகிட்ட, வேலை அவரு கையில. எதிர்த்துப் பேச முடியாது. 1938-ல இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலி ஆள் அனுப்புறதைத் தடை பண்ணினதோட அந்த முறை முடிஞ்சுது. நமக்கு வழி காட்டினவங்களுக்கு நன்றியோட இருக்கணும், சரி. ஆனா ஒரே ஒரு ஆளை மட்டுமே நம்பி இருந்தா என்ன ஆகும்னு நம்ம தாத்தா பாட்டிக்குத் தெரியும்.

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் நம்மகிட்டயே இருக்கு. 1982-ல டாக்டர் தம்பிராஜா ஆரம்பிச்ச ஸ்ரீ முருகன் நிலையம். யுனிவர்சிட்டியில படிக்கிற அண்ணன்மாரும் அக்காமாரும் வந்து பள்ளிப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுப்பாங்க. அப்படிப் படிச்ச பிள்ளைங்க யுனிவர்சிட்டிக்குப் போய் அடுத்த செட்டுக்கு எடுப்பாங்க. நம்ம சமூகத்துலயே இருக்கிற பெரிய நெட்வொர்க் அதுதான்னு நான் சொல்வேன். விசிட்டிங் கார்டை நம்பி நடந்த காரியமில்ல அது.

சரி, கார்டு குடுத்த அந்த எஞ்சினியர் அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பின கதைக்கு வர்றேன். இதுதான் உயிர் போற வேலை. முதல்ல எழுதினது கவர்மெண்டுக்கு மனு மாதிரி இருந்துச்சு. “மதிப்பிற்குரிய”ல ஆரம்பிச்சு ஒரு பக்கம். அழிச்சேன். அடுத்து எழுதினது ஒரு வரி, கூட ரெண்டு எமோஜி. அதுவும் அழிச்சேன். கடைசியில அனுப்பினது இதுதான்: “நான் பெக்கோக் பொண்ணு, செம்பனை மட்டை பத்திக் கேட்டவ. எங்க தோட்டத்துக் குழாய்ங்களைப் போட்டோ எடுத்திருக்கேன். நீங்க சொன்ன மாதிரியே அடைச்சிருக்கு. உங்க ஆபீஸ்ல ட்ரெய்னிங்குக்கு ஆள் எடுக்குறீங்களா?” கூட மூணு போட்டோ. ஒண்ணுல அப்பாவும் இருக்காரு, மட்டையை இழுத்துக்கிட்டு.

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. ஆபீஸ்ல ஆள் எடுக்குறாங்களான்னு கேட்டுச் சொல்றதா சொல்லி, ரெஸ்யூமே அனுப்பச் சொன்னாங்க. இன்டர்வியூ அடுத்த வாரம். கிடைக்குமான்னு தெரியாது. கிடைக்கலேன்னாலும் மட்டையை வச்சே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்றதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

இனிமே போகப் போற தம்பி தங்கச்சிங்களுக்கு நான் சொல்றது இவ்ளோதான். புதுக் கோட்டு வாங்காதீங்க, சுத்தமா அயர்ன் பண்ணின பாத்தேக் சட்டை போதும். போறதுக்கு முன்னாடி வயித்துக்குச் சாப்பிட்டுட்டுப் போங்க. அப்பதான் பஃபே வரிசையில நிக்காம ஆளுங்க கூட நிப்பீங்க. உங்க ஊரைப் பத்தி, உங்க வீட்டு வேலையைப் பத்தி, நிஜமாவே தெரியாத ஒரு கேள்வியை எடுத்துட்டுப் போங்க. எஞ்சினியரிங்னா, 1959-ல இருந்து இருக்கிற ஐ.இ.எம்.ல (மலேசிய எஞ்சினியர்கள் கழகம்) ஸ்டூடண்ட் மெம்பரா சேர்ந்துக்கோங்க. ஜொகூர்ல அவங்களுக்குத் தென் கிளையே இருக்கு. சின்னச் சின்ன டெக்னிக்கல் டாக் நடக்குற இடத்துல பேசுறது ஹோட்டல் ஹாலை விட ரொம்ப சுலபம்.

கடைசியா, ஏற்கனவே மேல வந்துட்ட அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒண்ணு. பேருக்கு முன்னாடி ரெண்டு எழுத்து வச்சிருக்கிறவங்களே, உங்க இன்பாக்ஸ்ல ஏதோ ஒரு ஊர்ப் புள்ள தப்பும் தவறுமா ஒரு மெசேஜ் போட்டுட்டு நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். வேலை குடுக்க முடியலேன்னா பரவால்ல. “இப்ப இல்ல, இன்னாரைக் கேட்டுப் பாரு”ன்னு ஒரு வரி போதும். தயவு செஞ்சு பதில் போடுங்க.